உபயம்: அண்டா மென்பொருள்

மாகாளியம்மன் கோயில் டியூப்லைட்டிலிருந்து எழுத்து உதிர்ந்து ஆட்கள் மேல் ஒட்டிக்கொண்ட அந்த ஆடி மாதத்தைப் பற்றி எங்கள் புளியங்கரை ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், யார் நெற்றியில் என்ன விழுந்தது, யார் முதுகில் எது விழுந்தது, யாருக்கு ஒன்றுமே விழாமல் போய் அவர் எப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார் என்றெல்லாம் மூச்சு விடாமல் சொல்வார்கள். அந்த எழுத்துக்குச் சொந்தக்காரி மாதம் முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள் என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதுதான் ஆத்திரம். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் பெயர் கோகிலவாணி. கோயமுத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்த வேலையை விட்டுவிட்டு, புருஷன் கதிரேசன் நூல் மில்லில் வேலை பார்க்கும் எங்கள் ஊருக்கே வந்து, வீட்டு மாடியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசையும் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மின்விசிறியும் போட்டு, வாடகைப் பாத்திரக் கடைகளுக்கென்று தன்னந்தனியாக ஒரு மென்பொருள் செய்தவள். எந்த அண்டா எந்தக் கல்யாணத்துக்குப் போனது, போன கரண்டிகளில் எத்தனை திரும்பி வந்தது, எந்த வீட்டுக்காரர் ஜமுக்காளத்தை இன்னும் கொடுக்காமல் மடித்து உள்ளே வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் கடைக்காரர் தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு அண்டா என்றே பெயர் வைத்தாள். பொருள் நன்றாக இருந்தால் தானாக விற்கும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்னவர் வாழ்க்கையில் எதையும் விற்றுப் பார்த்தவர் இல்லை.

தானாக ஒன்றும் விற்கவில்லை. பழைய கம்பெனியிலிருந்து, அவள் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, ஆடி முடிவதற்குள் வருவதாக இருந்தால் சொல்லவும் என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். கதிரேசனும் அவளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, பாத்திரக் கடைக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைப் பிடிக்க அதைவிட நல்ல மாதம் கிடையாது. ஆடி முடிவதற்குள் ஒரே ஒரு கடையாவது அண்டாவைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டால் அவள் மாடியிலேயே இருப்பாள், இல்லையென்றால் ஆவணி பிறந்ததும் கோயமுத்தூர் பஸ் ஏறிவிடுவாள். ஒரு கடை என்பது பேராசை இல்லை என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

விளம்பரம் செய்யக் காசில்லாதவருக்கு எங்கள் ஊரில் தாராளமாகக் கிடைப்பது யோசனை ஒன்றுதான். தினம் ஒரு வீடியோ போடச் சொன்னார் ஒருவர். வீடியோவில் சிரிக்கச் சொன்னார் இன்னொருவர். சிரித்தால் யாரும் மதிக்க மாட்டார்கள், உர்ரென்று இரு என்றாள் அவள் சித்தி. இணையத்தில் கோட்டுப் போட்ட ஒருத்தர் இலவசமாக வகுப்பெடுத்து, முதலில் கொடுங்கள், கொடுங்கள், கொடுத்துக்கொண்டே இருங்கள், வாங்குவதைப் பற்றி நினைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, கடைசியில் தன் அடுத்த வகுப்புக்குக் கட்டணம் கேட்டார். துண்டுச்சீட்டைப் பேப்பருக்குள் வைத்து அனுப்பினாள், அதில் எங்கள் ஊரே வடை எண்ணெய் ஒற்றியெடுத்தது. வாட்ஸ்அப் குழுக்களில் போட்டாள், சொந்தக்காரர்கள் குழு உட்பட எல்லாவற்றிலிருந்தும் நீக்கினார்கள். எல்லா யோசனையையும் அவள் கேட்டாள், அதுதான் அவளிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம்.

யாரும் சொல்லாமல் அவளாகச் செய்தது ஒன்று உண்டு. சந்தைப்பேட்டை ரோட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாவாத்தாளிடம் போய், ஒரு பகல் முழுக்க அவள் கடைக்குள்ளேயே இருந்து, அண்டா, குண்டா, தவலை, ஜல்லிக்கரண்டி, பந்திப்பாய் என்று ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பதிந்து, பாவாத்தாளின் போனில் அண்டாவைப் போட்டுக் கொடுத்துவிட்டு, முதுகெல்லாம் கரியாக வந்தாள். பாவாத்தாள் கவிழ்த்துப் போட்ட ஒரு குண்டாவின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "பாக்கலாங் கண்ணு. மொதல்ல நீ போயித் தண்ணி வாத்துக்க, பேயாட்ட இருக்கற" என்றாள். அப்புறம் அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நெட் இல்லாமலும் ஓட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்ததால், பாவாத்தாள் அதைத் திறந்து பார்த்தாளா, இல்லை அழித்தேவிட்டாளா என்பதுகூடக் கோகிலவாணிக்குத் தெரிய வழியில்லை.

அந்தச் சலிப்பில்தான் அவள் டியூப்லைட் வாங்கினாள். மாகாளியம்மன் கோயிலில் எந்த டியூப்லைட்டைப் பார்த்தாலும் அதைக் கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், தொழில், பட்டம், இறந்துபோன ஆத்தா பெயர் எல்லாம் பெயிண்டில் எழுதியிருக்கும், அதையும் மீறிக் கொஞ்சம் வெளிச்சம் தப்பித்துக் கீழே வந்தால் அது அம்மன் பாடு. ஆடி வெள்ளிக்குச் சுற்றுவட்டாரமே அந்த விளக்குகளுக்குக் கீழேதான் நிற்கும், நின்றுகொண்டு வேறு வேலையில்லாமல் அண்ணாந்து பார்க்கும். இதைவிட மலிவான விளம்பரம் எங்கே இருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டாள். கருவறைக்கு நேர் முன்னால் மாட்டுகிற இடம் கிடைத்தது. 'உபயம்: அண்டா மென்பொருள், வாடகைப் பாத்திரக் கடைகளுக்கு, முதல் மாதம் இலவசம், கோகிலவாணி, புளியங்கரை' என்று எழுதி, பக்கத்திலேயே செல் நம்பரையும் எழுதி, இரண்டு ஓரத்திலும் விரல்கடை அளவுக்கு மட்டும் வெள்ளையாக விட்டாள். பூசாரி நாச்சிமுத்து அதை மாட்டிவிட்டு, "இதுல வெளிச்சம் எந்தப் பக்கமுங்க வரும்?" என்று கேட்டார்.

முதல் ஆடி வெள்ளி சாயங்கால பூஜையில் அந்த விளக்கைப் போட்டார்கள். எழுத்தின் நிழல் கீழே நின்றவர்கள் மேல் விழுந்தது, பூஜை முடிந்து விளக்கை அணைத்தார்கள், நிழல் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. கும்பிட்டவர்கள் கும்பிட்ட கையோடு பொங்கலை வாங்கித் தின்றுவிட்டு, நெற்றியிலும் கன்னத்திலும் முதுகிலும் எழுத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள், சோப்பு போட்டார்கள், சீயக்காய் போட்டார்கள், தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார்கள், போகவில்லை என்றதும் தேய்த்த இடம் எரிகிறது என்று விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, அரிப்பு இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றார்கள், அப்படியானால் அடுத்த ஆள் வரலாம் என்றார்.

எந்த இடத்தில் நின்றார்களோ அந்த இடத்து எழுத்து. நடுவில் நின்ற தர்மகர்த்தா ஈஸ்வரமூர்த்தியின் வழுக்கைத் தலையில் 'வாடகை' விழுந்தது, அவர் அன்றிலிருந்து துண்டைத் தலையில் கட்டினார். முழுகாமல் இருந்த தறிக்காரர் வீட்டு மருமகளின் கையில் 'முதல் மாதம்' விழுந்தது, அதைப் பார்க்கவே பெண்கள் தட்டோடு வந்தார்கள். வேண்டுதலுக்கு விட்டிருந்த கிடாயின் விலாவில் 'உபயம்' விழுந்தது, அதை வெட்டுவதா கூடாதா என்று பேசப் பேச முடிவு வராமல் அது கொழுத்துப்போய்க் கோயிலைச் சுற்றி வந்தது. என் பின்கழுத்தில் 'இலவசம்' விழுந்தது, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன், நான் மட்டும் என்ன வானத்திலிருந்தா குதித்தேன். இரண்டாவது வெள்ளிக்குள் ஊருக்கு எல்லாம் பழகிவிட்டது. வரன் பார்க்க வருகிறவர்கள் பெண்ணுக்கு என்ன எழுத்து என்று கேட்டார்கள். நல்ல எழுத்து வேண்டுகிறவர்கள் மத்தியானமே வந்து துண்டைப் போட்டு இடம் பிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் எழுத்து உள்ள பிள்ளைகளைத் தனியாக உட்காரவைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள், எழுத்து இல்லாத பிள்ளைகள் அழுததால்.

இப்படி ஒரு விளம்பரம் யாருக்குக் கிடைக்கும்? ஊரில் பாதிப்பேர் கோகிலவாணியின் விளம்பரத்தை உடம்பில் சுமந்துகொண்டு சந்தைக்கும் மில்லுக்கும் பக்கத்து ஊர்க் கருமாதிக்கும் போய் வந்தார்கள். அவள் முதல் வாரம் சந்தோஷமாகக்கூட இருந்தாள், பாவம். சேலையை மாற்றிக் கட்டிக்கொண்டு, பதிலே சொல்லாத பாவாத்தாளை மறுபடி தொந்தரவு செய்யக் கூச்சப்பட்டு அவள் கடையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற பாத்திரக் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போனாள். வடக்கு வீதிக் கடைக்காரர் தன் முழங்கையில் விழுந்திருந்த 'அண்டா மென்'னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மா, எனக்கு ஆத்தாவே நேர்ல குடுத்துருச்சு. இதுக்கு மேல நீங்க எதுக்குங்க மாசாமாசம் வந்து கேக்கறீங்க?" என்றார்.

"அண்ணா, அது பேருங்க. பேரு மட்டும் இருந்தா கரண்டிக் கணக்கு எப்படிங்க வரும்?"

"அதையெல்லாம் ஆத்தா பாத்துக்கும். சாமி காரியத்துல யாவாரம் பேசாதீங்க, உங்க குடும்பத்துக்கு ஆகாது."

அடுத்த கடையிலும் அதுவே, அதற்கடுத்த கடையிலும் அதுவே. கடைசியில் அந்தக் கடைக்காரர்கள் ஒன்றாகக் கூடி, அம்மன் கொடுத்ததைக் காசு கொடுத்து வாங்குவது தெய்வக் குத்தம் என்று பேசி முடித்து, அவளுக்கு மரியாதையாக ஒரு சால்வையும் போர்த்தி அனுப்பினார்கள். சால்வையை அவள் மாடிப்படியில் விட்டெறிந்தாள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வலது ஓரத்தில் நின்றவர்கள் மேல் செல் நம்பர் விழுந்திருந்தது, அம்மன் விளக்கிலிருந்து விழுந்த நம்பர் அம்மன் நம்பராகத்தானே இருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். விடிந்தால் ஆரம்பித்துப் பொழுது அடைகிற வரை, புருஷன் குடிக்கிறான் என்று, மருமகள் பேசுவதில்லை என்று, போர் போட்டுத் தண்ணீர் வரவில்லை என்று, பையன் பத்தாம் வகுப்பில் மூன்றாவது தடவையாக உட்கார்ந்திருக்கிறான் என்று.

"ஏனுங்க, இது அண்டா சாஃப்ட்வேருங்க. பாத்திரக் கடைக்குங்க."

"செரி சாமி, நீ எந்த ரூபத்துல வந்தாலும் செரி. எம்பட மூத்தவனுக்கு ஒரு வழி சொல்லு."

அவளால் வைக்கவும் முடியவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு பெண் அழுதுகொண்டிருக்கும்போது போனை வைக்க எப்படி மனசு வரும்? கேட்டாள். கேட்டுவிட்டு, பையனை டுடோரியலில் சேருங்கள் என்றாள், போருக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேளுங்கள் என்றாள், அதில் ஒன்றிரண்டு நடந்தும் தொலைத்தது, அதனால் இன்னும் கூப்பிட்டார்கள். "நம்பரை மாத்திரலாமா?" என்றான் கதிரேசன். "மாத்திட்டு? நெசமாவே ஒரு கடைக்காரர் கூப்ட்டா?" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். கடைக்காரர் யாராவது உண்மையிலேயே கூப்பிட்டிருந்தாலும் அந்த நெரிசலில் லைன் கிடைத்திருக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது, அதுதான் அவளை இன்னும் எரித்தது.

இதற்கு நடுவில் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கேக் செய்கிறவர், யோகா சொல்லிக்கொடுக்கிறவர், ஒரே ஆளாகக் கோழிப்பண்ணைக் கணக்குக்கு ஆப் செய்தவர், ஜாதகத்துக்கு ஆப் செய்தவர் என்று ஆளுக்கொரு டியூப்லைட்டோடு வந்தார்கள், கோயில் முழுக்கப் புது விளக்காக மாட்டினார்கள், எதிலிருந்தும் ஒரு புள்ளிகூட உதிரவில்லை. உடனே அவர்கள் கோகிலவாணியிடம் வந்து, என்ன பெயிண்ட், எந்தக் கிழமை எழுதினீர்கள் என்று கேட்டுப் பிடுங்கினார்கள். பிறகு கல்யாண மண்டபத்தில் 'செலவில்லாமல் விளம்பரம் செய்வது எப்படி' என்று ஒரு கூட்டம் போட்டு அவளையே பேசக் கூப்பிட்டார்கள். அவள் மைக்கைப் பிடித்து, "எனக்கு இதுவரைக்கும் ஒரு வாடிக்கையாளர்கூடக் கிடையாதுங்க. ஒருத்தர்கூட இல்லைங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றாள். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று மண்டபமே எழுந்து கை தட்டியது. கோழிப்பண்ணைக்காரர் அதைக் குறித்துக்கொண்டார், அடக்கம் என்று.

கடைசி ஆடி வெள்ளி வந்தது. கம்பெனிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்கவும் இனி முடியாது. சாயங்காலம் கோயிலில் கால் வைக்க இடமில்லை, எழுத்து வாங்காதவர்கள் முண்டியடித்து முன்னால் நின்றார்கள், வாங்கியவர்களும் இன்னொன்று கிடைக்குமா என்று நின்றார்கள். கோகிலவாணி ஒரு பாட்டில் தின்னரும் கதிரேசனின் பழைய பனியனும் எடுத்துக்கொண்டு, மண்டபத்து மூலையில் கிடந்த மர ஏணியை இழுத்து வந்து கருவறைக்கு முன்னால் போட்டாள்.

"அம்முணி, என்ன பண்றீங்க?" என்று பூசாரி ஓடி வந்தார். "உபயம் குடுத்தத திருப்பி எடுக்கக் கூடாதுங்க. ஆத்தா சும்மா உடாது."

"லைட்டை யாருங்க கேட்டா? லைட்டு ஆத்தாளுக்கே இருக்கட்டும். எம்பேரைத்தான் எடுக்கறேன்."

விளக்கிலிருந்து எழுத்து உதிர்வதை ஒரே வாரத்தில் நம்பிப் பழகிய எங்கள் ஊர், உபயம் செய்தவர் தன் பெயரைத் தானே அழிப்பதைக் கண்ணால் பார்த்தும் நம்பவில்லை. கோயிலுக்குக் கரண்ட் வந்த காலத்திலிருந்து அப்படி ஒன்று நடந்ததே கிடையாது. "பேரு இல்லாம எப்படிங்க உபயம்?" என்று தர்மகர்த்தா ஈஸ்வரமூர்த்தி நிஜமாகவே புரியாமல் கேட்டார், கேட்கும்போது தலைத்துண்டு அவிழ்ந்து 'வாடகை' எல்லோருக்கும் தெரிந்தது, ஒருத்தரும் சிரிக்கவில்லை. யாரோ புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். யாரோ ஏணியைப் பிடித்து ஆட்டப் போனார்கள், கதிரேசன் குறுக்கே நின்றுகொண்டான்.

அவள் துடைத்தாள். செல் நம்பரை முதலில் துடைத்தாள், அப்புறம் முதல் மாதம் இலவசத்தை, அதை ரொம்ப அழுத்தித் துடைத்தாள், அப்புறம் மற்றதையெல்லாம் துடைத்துக்கொண்டே வந்து, கடைசியில் தன் பெயர் மட்டும் மிச்சமிருந்தபோது கொஞ்சம் நின்றாள், பிறகு அதையும் துடைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். பூசாரி சுவிட்சைப் போட்டார். அந்தக் கோயிலில் முதல் தடவையாக ஒரு டியூப்லைட் முழுசாக எரிந்தது. அம்மன் முகத்தில் காலங்காலமாக எண்ணெய் படிந்திருப்பதும், மூக்குத்திக் கல் ஒன்று விழுந்திருப்பதும், நாங்கள் எல்லோரும் எவ்வளவு வேர்த்துப்போய் நிற்கிறோம் என்பதும் தெரிந்தது. சிலருக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் காலைக் குளியலில் ஊர் முழுக்க எழுத்து தண்ணீரோடு போய்விட்டது. கிடாயை மழை நனைத்ததும் அதுவும் வெறும் கிடாய் ஆனது, அன்றைக்கே குழம்பும் ஆனது. நம்பர் இல்லாததால் போனும் அடங்கியது. வரன் பேசி வைத்தவர்கள் எழுத்து போனதைக் காரணம் காட்டிக் கொஞ்சம் இழுத்தார்கள், பிறகு வேறு காரணம் கிடைத்ததும் அதை விட்டுவிட்டார்கள். ஊர் அவள் மேல் கோபமாக இருந்தது, பேசாமல் இருப்பதுதான் எங்கள் ஊரில் கோபம், ஒரு மாதமாக இடைவிடாமல் பேச்சுக் கேட்ட அவளுக்கு அது சுகமாகத்தான் இருந்திருக்கும்.

ஆடியின் கடைசி நாள் காலையில் கோகிலவாணி மாடியில் பையை எடுத்து விரித்து வைத்து, கோயமுத்தூருக்குக் கொண்டுபோக வேண்டிய சேலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்குப் பத்து மணிக்குப் பேசுவதாக இருந்தாள். அதற்கு முன்னால் போன் அடித்தது. வழக்கம்போல யாரோ என்று நினைத்து, ஓய்ந்துபோன குரலில், "சொல்லுங்க, என்ன கஷ்டம்?" என்றாள்.

"எனக்கென்ன கஷ்டம்? நான் நல்லாத்தான் இருக்கறேன். உம்பட அண்டாதான் கஷ்டம்" என்றது எதிர்க்குரல். பாவாத்தாள். "எத்தன நாளாக் கூப்புடறது உன்னைய? எப்பப் பாத்தாலும் பிசி பிசிங்குது. யாவாரம் பண்ற பொண்ணு போனை எடுக்க வேண்டாமா?"

"அக்கா... நீங்க அண்டாவ நெசமாவே பாத்தீங்களா?"

"பாக்காமயா? பாக்கலாம்னு சொன்னனல்ல? தெனம் அதுலதான் எல்லாம் போடறேன். கரண்டிக் கணக்கு நல்லா வருது, அதுல கொற இல்ல. ஆனா ஆவணி மொத மொகூர்த்தத்துக்கு எந்த அண்டாவ ஏத்தறதுன்னு பாத்தா, கருமாதி ஊட்டுக்குப் போயிட்டு வந்த அண்டாவக் காட்டுது. திரும்பி வந்துருச்சுன்னா எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து போட்டுருது. கருமாதிச் சாமானத்த நாங்க தனியா வெச்சிருப்போம் கண்ணு, நல்ல காரியத்துக்குத் தொட மாட்டோம். அது சொன்னாப்புல நான் ஏத்தி உட்டிருந்தா, பொண்ணு ஊட்டுக்காரங்க என்னைய உசுரோட உட்டிருப்பாங்களா? இதக்கூடக் கேட்டுக்காம என்னத்தப் பண்ணி வெச்சிருக்கற நீயி? இதச் செரி பண்ணிக் குடு, மாசாமாசம் குடுக்க வேண்டியத நான் குடுத்தர்றேன். செரி பண்ணலீன்னா நான் பழைய நோட்டுக்கே போயிருவேன், ஆமா."

கோகிலவாணி சேலைகளுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக ஊரில் உள்ளவர்களின் குறையையெல்லாம் அம்மனுக்குப் பதிலாகக் கேட்டு ஓய்ந்த காதில், அவளுக்கென்றே வந்த முதல் குறை அது. கதிரேசன் படியேறி வந்தபோது அவள் ஒரு கையில் போனைப் பிடித்து, மறு கையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள், அவன் பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, இன்னொருக்காச் சொல்லுங்க."

"ஏன், காது கேக்கலியா?"

"கேக்குதுங்க்கா. நல்லாக் கேக்குது. சொல்லுங்க."